பிள்ளையின் முதல் வேட்டைத் துப்பாக்கி: .223, .243, 6.5 கிரீட்மோர், இல்லை வீட்டில் இருக்கும் .308-ஆ?

இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர் தொடங்கியதும் இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த வருடம் இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒரு அப்பா, 11 வயதுப் பையனுக்கு. அவர் வீட்டுப் பெட்டகத்தில் ஏற்கெனவே ஒரு .308 இருக்கிறது, "அதையே பழக்கிவிடலாமா அண்ணா?" என்று கேட்டார். டொங்காட்டில் ஓர் அக்கா, தானே வேட்டைக்குப் போகிறவர், 13 வயது மகளுக்குக் கேட்டார். நியூகாசில் பக்கம் வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்குப் பையன் 9 வயது, பார்க்க இன்னும் சின்னவன்.

மூன்று பேரும் முதலில் கேட்டது காலிபர்தான், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பது. நானும் ஒரு காலத்தில் அங்கிருந்துதான் தொடங்கினேன். அதனால் என் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டு ஒப்பீட்டுக்குப் போகிறேன்.

அவனுக்கு அப்போது 11 வயது, 34 கிலோ. என் அப்பா வைத்திருந்த .308 என் பெயருக்கு உரிமம் மாறி வந்திருந்தது. தாத்தா துப்பாக்கியில் பேரன் முதல் மான் சுட வேண்டும் என்று எனக்கு ஆசை. பயிற்சி இடத்தில் முதல் குண்டு அட்டையின் நடுவில் விழுந்தது. இரண்டாவது ஒரு கை அகலம் தள்ளிப் போனது. மூன்றாவது அட்டையிலேயே இல்லை. "தோள் வலிக்குதுப்பா" என்றான். "பழகிடும்டா" என்றேன்.

ஜூலையில் டண்டீ பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். 90 மீட்டரில் ப்ளெஸ்பக் மான் ஒன்று பக்கவாட்டில் நின்றது. எந்தப் பெரியவரும் தவறவிடாத நிலை. குண்டு வயிற்றில் பட்டது. ரத்தத் துளியைப் பின்பற்றி மூன்று மணி நேரம் நடந்து, இருட்டும் முன்பு கண்டுபிடித்தோம். இரண்டாவது குண்டை நான் சுட்டேன். கூட வந்த பண்ணையின் தடம் பார்க்கும் பெரியவர், நாங்கள் பாபா என்றுதான் அழைப்போம், பையனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தத் துப்பாக்கி உன்னுடையது, அவனுடையது இல்லை." அன்று ராத்திரி அவன் கறி தொடவில்லை. அடுத்த குளிர்காலம் வேட்டை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அந்த மானுக்கும் அந்தப் பையனுக்கும் நான் செய்தது தப்பு. அதை வேறு யாரும் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது

முதலில் ஒன்று. தமிழில் எல்லாவற்றையும் மான் என்றுவிடுகிறோம். குவாசுலு-நட்டாலில் பிள்ளைகள் சுடப்போவது பெரும்பாலும் இம்பாலா, ப்ளெஸ்பக், ஸ்ப்ரிங்பக். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ஃபாலோ மான் சில பண்ணைகளில் உண்டு. பெண் இம்பாலா 40 முதல் 45 கிலோ, ஆண் 60 வரை. ப்ளெஸ்பக் 60 முதல் 70 கிலோ. இந்த அளவு உடம்பை மனதில் வைத்துத்தான் கீழே எழுதுவது எல்லாம். கூடூ, வில்டபீஸ்ட் போன்ற பெரிய மிருகங்கள் இந்தக் கட்டுரையில் இல்லை. முதல் சில வருடங்கள் அவை பிள்ளையின் திட்டத்திலும் இருக்கக் கூடாது.

*உதை.* சுட்டதும் துப்பாக்கி தோளில் இடிப்பது. இதுதான் முதல் அளவுகோல். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. உதைக்கும் என்று தெரிந்த பிள்ளை விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடும், தோளை முன்னே தள்ளும், குழல் முனை கீழே சாயும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளை பார்க்காதபோது உண்மைத் தோட்டாவுக்குப் பதில் டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுங்கள். விசை 'க்ளிக்' என்று மட்டும் சொல்லும். அந்த நொடியில் குழல் முனையைப் பாருங்கள். அசையாமல் நின்றால் சரி. என் மகன் முனை நாலு விரல் கீழே குனிந்தது. வேட்டைக்கு முன்பே இதைச் செய்திருந்தால் அந்த ப்ளெஸ்பக் தப்பியிருக்கும்.

சத்தமும் உதையோடு சேர்ந்ததுதான். தோள் தாங்கினாலும் காதுக்குப் பயந்து கண் மூடும் பிள்ளைகள் உண்டு. சைலன்சர் இல்லாத வேட்டை ரைஃபிள் எதுவானாலும் 140 டெசிபெலைத் தாண்டும், ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். நம் நாட்டில் சைலன்சர் தாராளமாகக் கிடைக்கிறது, வேட்டைக்காரர் பெரும்பாலோர் போட்டிருக்கிறார்கள். பிள்ளையின் துப்பாக்கிக்கு அது அலங்காரம் இல்லை, கட்டாயம். சத்தத்தைக் குறைக்கும், உதையையும் ஓரளவு குறைக்கும். அப்படியும் காதுமூடியைக் கழற்ற விடாதீர்கள். உதையைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் மஸில் பிரேக் வேண்டவே வேண்டாம். உதை குறையும், ஆனால் சத்தம் பின்பக்கமாக, பிள்ளையின் முகத்துக்கே திரும்பி வரும்.

*கட்டையின் நீளம்.* பெரியவர்களுக்கான ரைஃபிளில் விசையிலிருந்து, தோளில் பதியும் கட்டையின் பின்முனை வரை 13.5 அங்குலத்துக்கு மேல் இருக்கும். 11 வயதுப் பிள்ளைக்கு 12, 12.5 போதும். துணிக்கடை டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை முழங்கையை மடக்கி நிற்கட்டும். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டு விரலின் முதல் கணு வரை அளந்து பாருங்கள். ஏறக்குறைய அதுதான் அவர்களுக்கு வேண்டிய நீளம். கட்டை நீளமாக இருந்தால் பிள்ளை முதுகை வில்லாக வளைத்து நிற்கும், கட்டை தோளின் குழியில் உட்காராமல் கைப்பக்கம் நழுவும். அப்போது சின்ன உதையும் பெரிய உதையாகிவிடும். என் மகனுக்கு வலித்தது பாதி காலிபரால், மீதி கட்டையால்.

*வலு.* மெல்லிய உதை வேண்டும் என்று ரொம்பக் கீழே இறங்கினால் மான் காயத்தோடு ஓடும். குண்டு இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் போகிற வலு வேண்டும். அதுவும் பிள்ளை இரண்டு அங்குலம் தள்ளிச் சுட்டாலும்.

*சட்டமும் இடமும்.* இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமத்துக்கு முன்பு வாங்க வேண்டிய தகுதிச் சான்றிதழுக்கு 21 வயது ஆக வேண்டும். டெடிகேட்டட் ஹண்டர் (அங்கீகாரம் பெற்ற வேட்டைச் சங்கத்து உறுப்பினர்) போன்ற சிலருக்கு விதிவிலக்குக்கு இடம் உண்டு, ஆனால் 11 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆகவே "பிள்ளையின் துப்பாக்கி" என்பது சட்டத்தில் உங்கள் துப்பாக்கி. 22-ஆம் பிரிவின்படி உரிமம் உள்ளவர், தன் நேரடி மேற்பார்வையில், பாதுகாப்பான இடத்தில், சட்டப்படியான காரியத்துக்கு இன்னொருவரைப் பயன்படுத்த விடலாம். மேற்பார்வை செய்ய வேண்டியவர் உரிமம் உள்ளவரே. மாமாவின் ரைஃபிள் என்றால் பிள்ளை பக்கத்தில் மாமா நிற்க வேண்டும். நீங்கள் நின்றால் போதாது.

அடுத்தது நாலு இடக் கணக்கு. 15-ஆம் பிரிவில், அதாவது எப்போதாவது வேட்டைக்குப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு, அதிகபட்சம் நாலு உரிமம். வீட்டில் தற்காப்புக்கு ஒரு துப்பாக்கிக்கு உரிமம் வாங்கியிருந்தால் வேட்டைக்கு மூன்றுதான் மிச்சம். பிள்ளை இரண்டு வருடத்தில் தாண்டி வளர்ந்துவிடும் துப்பாக்கியை வாங்கினால் அந்த மூன்றில் ஒன்று போயிற்று. விற்க வேண்டுமென்றால் வாங்குகிறவர் உரிமம் வரும் வரை காத்திருக்க வேண்டும். இந்த உரிமம் 10 வருடம் செல்லும். பிள்ளைக்கு 11 வயதில் வாங்கினால், காலாவதியாகும்போது அவனுக்கு 21 வயது, தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். வாங்கும்போதே இந்த 10 வருடத்தையும் மனதில் வையுங்கள்.

ஒரே பார்வையில்

உதை எண்கள் சுமார் 3.4 கிலோ எடையுள்ள, சைலன்சர் இல்லாத ரைஃபிளுக்கு நான் போட்ட தோராயக் கணக்கு. தூரம் என் கருத்து, பிள்ளைக்கு மட்டும்.

| | உதை (ஜூல்) | எதற்கு ஏற்றது | பிள்ளைக்குத் தூர வரம்பு | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| .223 ரெமிங்டன் | 5 | ஸ்ப்ரிங்பக், பெண் இம்பாலா | 80 மீட்டர் | சரியான குண்டு தேடுவது. சீக்கிரம் போதாமல் போவது |
| .243 வின்செஸ்டர் | 13 | இம்பாலா, ப்ளெஸ்பக், ஃபாலோ | 120 மீட்டர் | கட்டை, சைலன்சர் |
| 6.5 கிரீட்மோர் | 17 | மேலே உள்ள எல்லாம், பிறகு பெரியவையும் | 120 மீட்டர் | அதிக உதைக்குத் தேவைப்படும் கூடுதல் பயிற்சி |
| வீட்டில் உள்ள .308 | 23 | எல்லாம் | இப்போது வேண்டாம் | பிள்ளையின் நம்பிக்கை |
| வாங்காமல் இருப்பது | பண்ணையைப் பொறுத்தது | ஒரு சீசன் பார்ப்பதற்கு | பண்ணைக்காரர் சொல்வது | பயிற்சி குறைவு |

.22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டா இந்தப் பட்டியலில் இல்லை. அது மானுக்கானது அல்ல. பயிற்சிக்கு அதைப்போல வேறில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

.223 ரெமிங்டன்

உதை என்று சொல்லவே முடியாது. 9 வயதுப் பிள்ளையும் ஒரு காலையில் 30 தோட்டா சுட்டுவிட்டு இன்னும் கேட்கும். தோட்டாவும் மற்றவற்றைவிட மலிவு. பிள்ளை நிறையச் சுட்டால்தான் நன்றாகச் சுடும், அந்த வகையில் இது பெரிய லாபம். ஹோவா மினி போன்ற குட்டி ரைஃபிள்கள் பிள்ளைக் கைக்கு அளவெடுத்ததுபோல இருக்கும்.

சிக்கல் குண்டில். கடையில் முதலில் கையில் கொடுப்பது 55 கிரெயின் (சுமார் 3.6 கிராம்) எடையுள்ள குண்டு. அதில் பல, நரி போன்ற சின்ன மிருகங்களுக்காகச் செய்தவை. உடம்புக்குள் போனதும் சிதறிவிடும். இம்பாலாவின் தோள் எலும்பில் பட்டால் மேலோடு பெரிய காயம், உள்ளே ஒன்றுமில்லை. மானுக்கென்று செய்த கெட்டியான குண்டோ, முழுச் செம்புக் குண்டோதான் போட வேண்டும். இவை நீளமானவை. பழைய .223 குழல்களில் உள்சுருள் மெதுவாக, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இருக்கும். கனமான, நீளமான குண்டை அது நேராக அனுப்பாது. பழையது வாங்கினால் குழலில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், 1:8 அல்லது 1:9 வேண்டும்.

காற்று இன்னொரு தொல்லை. டண்டீ, நியூகாசில் புல்வெளியில் ஆகஸ்ட் காற்று எப்படி என்று அந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். 55 கிரெயின் குண்டை அது .243-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளும்.

எப்போது இதுவே சரி: பிள்ளை 30 கிலோவுக்குக் கீழே, பண்ணை கீரி முதல் ஸ்ப்ரிங்பக் வரை சுட விடுகிறது, மறைவிடத்தில் உட்கார்ந்து 60 மீட்டரில் சுடப்போகிறார்கள், பக்கத்தில் நீங்கள் பொறுமையாக "இது வேண்டாம், அடுத்தது வரட்டும்" என்று சொல்வீர்கள். அப்புறம், உங்கள் நாலு இடத்தில் ஒன்று சும்மா இருக்கிறது. இத்தனையும் பொருந்தினால் தாராளமாக வாங்குங்கள்.

.243 வின்செஸ்டர்

1955-இல் வந்தது. .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. நம் நாட்டில் பிள்ளைகளும் வீட்டுப் பெண்களும் முதல் மானைச் சுட்டது அதிகம் இதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நான் பார்த்த பண்ணைகளில் எல்லாம் அப்படித்தான். பண்ணை ஊர்க் கடைகளில் தோட்டா கிடைக்கும். 100 கிரெயின் சாதாரண ஈயக் குண்டு இம்பாலாவுக்கும் ப்ளெஸ்பக்குக்கும் போதும், குண்டு தேடி அலைய வேண்டாம். 100 மீட்டரில் .223-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வலு, உதையோ .308-இல் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அந்த 13 ஜூலும் சின்னப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். நீளமான கட்டையும் சைலன்சர் இல்லாத குழலுமாக .243 கொடுத்தால் அதுவும் பிள்ளையைக் கெடுக்கும். ஆகவே செலவுக் கணக்கில் இவற்றைச் சேர்த்தே போடுங்கள்: குட்டையான, ஸ்பேசர் வைத்து நீட்டக்கூடிய கட்டை, மரை வெட்டிய குழல், சைலன்சர், ஸ்கோப்பை முன்னே தள்ளி மாட்டும் வேலை. ரூகர் அமெரிக்கன் காம்பேக்ட், டிக்கா டி3எக்ஸ் காம்பேக்ட் இரண்டும் 12.5 அங்குலக் கட்டையோடு வருகின்றன. பழைய மஸ்கிரேவ், புர்னோ ரைஃபிள் மலிவாகக் கிடைத்தால் துப்பாக்கி ஆசாரியிடம் கட்டையை வெட்டச் சொல்லலாம். வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருடத்தில் திரும்ப ஒட்ட வேண்டும். நான் வெட்டிய துண்டு சமையலறை இழுப்பறையில் மஞ்சள்பொடி டப்பா பக்கத்தில் இரண்டு வருடம் கிடந்தது.

கட்டையைக் குறைத்தால் கண் ஸ்கோப்புக்கு நெருங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். புருவத்தில் வெட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை தூரத்திலிருந்தே பார்க்கும். கட்டையை வெட்டும் அன்றே ஸ்கோப்பையும் சரி செய்துவிடுங்கள்.

சைலன்சர் போட்டால் முன்பக்கம் கனக்கும், மொத்தம் 4 கிலோவுக்குப் பக்கம் வரும். 34 கிலோப் பிள்ளை அதை நின்றபடி பிடித்துச் சுட முடியாது. சுடவும் கூடாது. மூன்று கால் தாங்கி வாங்குங்கள். நடக்கும்போது துப்பாக்கியை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள், தோட்டா இல்லாமல்.

எப்போது இதுவே சரி: பிள்ளை 35 கிலோவுக்கு மேல், இம்பாலாவும் ப்ளெஸ்பக்கும் இலக்கு, ஒரே துப்பாக்கி 10 வருடம் உழைக்க வேண்டும். பெரும்பாலான நம் வீடுகளின் நிலை இதுதான். பிள்ளை பெரியவனானாலும் இது வீணாகாது. அம்மாவோ தங்கையோ எடுத்துக்கொள்ளலாம்.

6.5 கிரீட்மோர்

2007-இல் வந்து, இப்போது கடைக்குள் நுழைந்ததும் முதலில் காட்டுவது இதைத்தான். நல்ல தோட்டா, நான் குறை சொல்ல வரவில்லை. நீளமான குண்டு, காற்றுக்கு அதிகம் அசையாது. சரியான குண்டு போட்டால் கெம்ஸ்பக் போன்ற பெரிய மான் வரை போகலாம். துல்லியமாகச் சுடும் ரைஃபிள்கள் நிறைய.

ஆனால் அதன் பலம் தெரிவது 250 மீட்டருக்கு அப்பால். பிள்ளை அங்கே சுடப்போவதில்லை. 100 மீட்டரில் நிற்கும் இம்பாலாவுக்கு .243-க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது, பிள்ளையின் தோளுக்குத் தெரியும். உதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கடைக்காரர் "மெல்லிய உதை" என்று சொல்வது .308, .30-06 தூக்கிப் பழகிய பெரியவருக்கு. 11 வயதுக்கு அல்ல.

டொங்காட் அக்காவின் மகள் விஷயம் வேறு. 13 வயது, 48 கிலோ, இரண்டு வருடமாக .22 சுடுகிறாள். அவளுக்கு இது பொருந்தும். 120 கிரெயின் போன்ற இலேசான குண்டோடு தொடங்கலாம். அம்மாவும் அதே துப்பாக்கியை வேட்டைக்கு எடுத்துப்போகலாம், ஒரு இடம் மிச்சம்.

வீட்டில் இருக்கும் .308

செலவில்லை, உரிமம் இருக்கிறது, தாத்தா நினைவு இருக்கிறது. இந்த மூன்றும்தான் என்னையும் இழுத்தன. தோட்டா நல்ல தோட்டா என்பதில் சந்தேகமே இல்லை. பிள்ளைக்கு இப்போது வேண்டாம் என்பதுதான். இதே பேச்சு .303, .30-06 எல்லாவற்றுக்கும் பொருந்தும். நம் நாட்டில் பேர்போன 7x57 கொஞ்சம் மெல்லியது, ஆனாலும் பழைய மவுசர் கட்டை பெரியவர் உடம்புக்குச் செய்தது.

.308-ஐ மெல்லியதாக்க வழி உண்டு. தோட்டாவை வீட்டிலேயே நிரப்பத் தெரிந்த அனுபவசாலி ஒருவர் கூட இருந்தால், வெடிமருந்து உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள குறைந்த அளவுத் தோட்டா செய்து தருவார். உதை .243 அளவுக்கு இறங்கும். கையேட்டில் இல்லாத அளவைக் கண்மதிப்பாகக் குறைக்கக் கூடாது. மருந்து ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து. சைலன்சர், இரண்டாவதாக ஒரு குட்டைக் கட்டை, இவையும் சேர வேண்டும். கட்டை தனியாக வாங்கி மாட்டினால் புது உரிமம் தேவையில்லை. நாலு இடமும் நிரம்பியவர்களுக்கு இது உண்மையான வழி.

எப்போது இதுவே சரி: பிள்ளைக்கு 15 ஆகிவிட்டது, 55 கிலோ இருக்கிறது, சின்ன காலிபரில் மான் எடுத்துப் பழகியிருக்கிறது, "நான் சுட்டுப் பார்க்கட்டுமா?" என்று தானாகக் கேட்கிறது. நாமாகக் கொடுக்கும்போது அல்ல.

இந்த வருடம் வாங்காமலே இருப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. பல பண்ணைகளில் வருகிற பிள்ளைகளுக்கென்று ஒரு .243 அல்லது .223 சைலன்சரோடு இருக்கும். பண்ணைக்காரரோ அவருடைய வேட்டை வழிகாட்டியோ, யார் பெயரில் உரிமமோ அவர் பிள்ளை பக்கத்தில் நின்றால் சட்டம் சரி. அதற்கு ஒரு தொகை கேட்பார்கள். ரைஃபிள், ஸ்கோப், சைலன்சர் எல்லாம் வாங்குவதோடு பார்த்தால் அது சின்னத் தொகை.

பெரிய லாபம் பணத்தில் இல்லை. பிள்ளைக்கு உண்மையிலேயே விருப்பம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மான் விழுந்ததும் அழுகிற பிள்ளை உண்டு. அது தவறே இல்லை. வீட்டில் புதுத் துப்பாக்கி காத்திருந்தால் "எனக்கு வேண்டாம்பா" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

குறை ஒன்று. பழக்கமில்லாத துப்பாக்கியில் முதல் நாள் வேட்டை கூடாது. முந்தின நாள் மாலையே போய் அதே துப்பாக்கியில் பத்துப் பதினைந்து தோட்டா அட்டையில் சுட வைக்க வேண்டும். பண்ணைக்காரர் அதற்கு நேரமில்லை என்றால் வேறு பண்ணை பாருங்கள்.

எதை வாங்கினாலும்

.22 ரிம்ஃபயர் ஒன்று வீட்டில் இருந்தால், அல்லது சங்கத்தில் நண்பர் ஒருவர் தன்னுடையதில் பக்கத்தில் நின்று சுட விட்டால், முதல் சீசன் முழுக்க அதிலேயே ஓட்டுங்கள். என் மகளுக்கு அப்படித்தான் செய்தேன். முதல் மானுக்கு முன்பு 600 தோட்டாவாவது .22-இல் சுட்டிருப்பாள், .243-இல் 40தான். அதற்கும் முன்பு சாதாரணக் காற்றுத் துப்பாக்கி. அதற்கு உரிமம் வேண்டாம், குழல் முனையை எங்கே வைத்துக்கொள்வது என்ற ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்க அது போதும். தம்பி தங்கை பக்கம் ஒருமுறை முனை திரும்பினால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது என்று நான் வைத்திருந்தேன். மகளுக்கு இரண்டு முறை அப்படி முடிந்தது, மூன்றாவது முறை நேரவில்லை.

பிள்ளைக்கு எந்தக் கண் வலுவானது என்று கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். இரு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் இருக்கும் கதவுக் கைப்பிடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண்ணுக்குக் கைப்பிடி ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ அதுதான் வலுவான கண். வலது கைப் பிள்ளைக்கு இடது கண் வலுவாக இருந்தால் இடது தோளில் பழக்குவது நல்லது. இடது கை ரைஃபிள் விலையும் கூடுதல், வரவும் நாளாகும்.

மேகசினில் எத்தனை போனாலும் பிள்ளைக்கு ஒவ்வொரு தோட்டாவாக உங்கள் கையால் கொடுங்கள். பெட்டகச் சாவி உங்கள் இடுப்பில், பிள்ளைக்கு இடம் தெரியாமல். துப்பாக்கி பிள்ளையுடையது என்று வீட்டில் செல்லமாகச் சொன்னாலும் இதில் தளர்வு கூடாது.

சமைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈயக் குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக் கறியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. செம்புக் குண்டு என்றால் இந்தக் கவலை இல்லை. புரட்டாசி பிறப்பதற்குள் ஃபிரீசர் காலியாக வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் பாதி கறி கொத்தமல்லி விதையும் வினிகரும் சேர்ந்து பில்டாங் என்ற உலர் கறி ஆகிவிடும்.

மூன்று பேருக்கும் நான் சொன்னது

சாட்ஸ்வொர்த் அப்பாவிடம் .308-ஐப் பெட்டகத்திலேயே வைக்கச் சொன்னேன். பையன் 37 கிலோ. இந்தக் குளிர்காலம் பண்ணைத் துப்பாக்கி, கூடவே .243-க்கு விண்ணப்பம். ஆவணங்கள் நகர மாதங்கள் ஆகும், அடுத்த மே மாதத்துக்குள் கைக்கு வந்துவிடலாம்.

டொங்காட் அக்காவுக்கு 6.5 கிரீட்மோர், சைலன்சரோடு. வாங்கும் முன்பு மகளை டம்மி தோட்டாப் பரீட்சையில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். பார்த்தாராம், முனை அசையவில்லையாம்.

நியூகாசில் தம்பியிடம் எதுவும் வாங்காதே என்றேன். பையன் 26 கிலோ. காற்றுத் துப்பாக்கியோடு ஒரு வருடம் ஓடட்டும், வேட்டைக்குக் கூட வரட்டும், தடம் பார்க்கட்டும், தண்ணீர் பாட்டில் சுமக்கட்டும். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

என் மகன் இப்போது 16. தங்கை ம்குசே பக்கம் 70 மீட்டரில் ஒரு பெண் இம்பாலாவை ஒரே குண்டில் எடுத்த அன்று பக்கத்தில் நின்று பார்த்தான். அடுத்த வாரம் சமையலறை இழுப்பறையைத் திறந்து, வெட்டி வைத்த கட்டைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இதை ஒட்டினா எனக்கு அளவா இருக்குமாப்பா?" என்று கேட்டான். டேப் எடுத்து அளந்தோம். 13.5 சரியாக இருந்தது.